கேலன் ஓட்டிய கடிகாரம்

கோச் ரொவீனா பெல் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த வாரத்தில் கார்லின் கைபட்ட பொருள் எதுவும் தன் இடத்தில் இருக்கவில்லை. பன்றிக் கொட்டகைக் கதவுக்கு அடித்த சாயத்தின் மேலேயே மறுபடி சாயம் அடித்தாள். டிராக்டர் சாவியை ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்கடியில் அவள் கால் ஆடுகிற ஆட்டத்தில் எல்லோருடைய காபியும் தளும்பும். அயோவாவுக்கே பூகம்பம் வந்துவிட்டது என்பான் டெர்க். அவன் என் கணவன், கார்லினுக்கு அண்ணன். வழக்கமாக அவள் சுடச்சுட ஏதாவது திருப்பிக் கொடுப்பாள். அந்த வாரம் கொடுக்கவில்லை.

அவளுக்கு இருபது வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி முடித்த கையோடு, கூடைப்பந்துக்காக முழு உதவித்தொகையில் ஒரு கல்லூரியில் சேர இருந்தவள். பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்த நாளில்தான் என் மாமனார் கேலன் இயந்திரக் கொட்டகையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. டெர்க் அப்போது தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் மகள் ஹேட்டி பிறந்து தொப்புள்கூட ஆறவில்லை. பன்றிகளுக்கு வீட்டுக் கஷ்டம் தெரியாது; வேளைக்குத் தின்ன வேண்டும். கார்லினை யாரும் இரு என்று சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அவளே கல்லூரிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். பெட்டியைப் பிரிக்காமல் மாடிக்குத் தூக்கிப் போய் வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நோய் விழுந்தால் ஊர் கூடி ஒரு சாப்பாடு போடும். பெரும்பாலும் பான்கேக், பன்றித் தொத்திறைச்சி, யாரோ தைத்த போர்வையின் ஏலம். வந்த பணம் அந்த வீட்டுக்கு. கேலனுக்கு அது போதாது என்று ஊர் நினைத்தது. பள்ளியில் நடந்த கூடைப்பந்து ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடிகார மேசையில் உட்கார்ந்து நேரம் ஓட்டியவர் அவர். டெர்க் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த நாற்காலி அவருடையது. கோச் வந்த அதே வருடம், மார்ச் மாதம், அவருக்கு ஓர் ஆட்டம்தான் போட வேண்டும் என்று முடிவாயிற்று. கார்லினோடு பள்ளியில் ஆடிய பெண்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு முன்பு ஆடி இன்று பிள்ளை பெற்றவர்கள் மறு பக்கம். நானும் இரண்டாவது அணியில் இருந்தேன். கார்லினைத் தடுக்கிற வேலை என்னுடையது என்பதால் நான் எப்படி ஆடினேன் என்று சொல்லாமல் விடுகிறேன்.

எதையும் அரைகுறையாகச் செய்ய எங்கள் ஊருக்குத் தெரியாது. லவோன் தன் கடையில் எங்களுக்குச் சட்டை அச்சடித்தாள். துணிக்குப் பணம் கொடுத்த ஊர்க் கூட்டுறவுத் தானியக் களஞ்சியத்தின் பெயர் முதுகில் இருந்தது. களஞ்சிய மேலாளர் வெர்லின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார். ரீட் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் விசிலோடு வந்தான். ரீட் விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மாலையில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவர், அதற்கென்று பரீட்சை எழுதித் தேறியவன். அவனும் கார்லினும் பத்தாம் வகுப்பிலிருந்தே காதலர்கள். அன்றைக்கு அதைக்கூடப் பார்க்காமல் அவளுக்கே இரண்டு ஃபவுல் கொடுத்தான்.

கேலனை டெர்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடிகாரத்தின் முன் உட்கார வைத்தான். மரியாதைக்குத்தான். விசையை அழுத்த வேறொருவர் பக்கத்தில் தயாராக இருந்தார். ரீட் பந்தை மேலே எறிந்தான். கேலன் இடது கையை நீட்டி விசையை அழுத்தினார். சிவப்பு எண்கள் ஓடின. விழுந்த நாளிலிருந்து தன் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்ளாத மனிதர். விசில் ஊதும்போது நிறுத்தினார், பந்து உள்ளே வந்ததும் ஓட்டினார். முதல் கால் பகுதியில் அரங்கத்தில் யாரும் பந்தைப் பார்க்கவில்லை. அவர் விரலைத்தான் பார்த்தார்கள். என் மாமியார் ட்வைலா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி விநாடியில் கார்லின் போட்ட பந்தில் இளைய அணி ஒரே புள்ளியில் ஜெயித்தது.

கூட்டத்தில் யாரோ அவள் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவதை மட்டும் போனில் எடுத்து அவள் பெயரோடு வெளியிட்டார்கள். அவள் கைகளும் பந்தும்தான் அதில் தெரியும். அது எங்கெங்கோ சுற்றி, மாநிலத்தின் கிழக்கே ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் துணைப் பயிற்சியாளராக இருந்த ரொவீனா பெல்லிடம் போயிற்று. அவர் பள்ளி நாளில் கார்லினைப் பார்த்து வைத்திருந்தவர். அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரிக்கு முழங்கால் போய்விட்டதாம். நவம்பரில் முதல் ஆட்டத்திலிருந்தே இறங்கக்கூடிய ஒருத்தி வேண்டுமாம். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் கல்லூரி பொறுப்பு. வீட்டுக்கு வந்து பேசலாமா என்று கேட்டார்.

கேலன் அதற்குள் மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தார். சில சொற்கள் திரும்பியிருந்தன. தீவன லாரியை விட்டுவிட்டுப் பண்ணையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றான் டெர்க். காலைக் கொட்டகையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கார்லின் மாடிக்கு ஏறிப்போய், இரண்டு வருடமாகப் பிரிக்காத பெட்டியைப் பிரித்து, எல்லாத் துணியையும் துவைத்து, மறுபடி அதே பெட்டியில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை நானும் அவளும் கொட்டகையில் தரை வழித்துக்கொண்டிருந்தபோது ரீட் வந்தான். வேலை நேரத்தில் வருகிறவன் இல்லை. கதவுச் சாயத்தில் கை வைத்தான். ஈரம் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கார்லின், கல்லூரி ஆட்ட விதியெல்லாம் படிச்சுப் பாத்தேன்," என்றான். "ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் எங்க வேணா ஆடலாம். அதுக்கப்புறம் முறையா நடத்தற ஆட்டம் ஒண்ணு ஆடினாலும் ஒரு சீசன் போச்சு. சேந்த முதல் வருஷம் ஆட்டத்துல இறங்க முடியாது."

"நான் எங்கடா ஆடினேன்? பன்னிங்களோடவா?"

"இந்த மார்ச்ல."

அவள் வழிப்பதை நிறுத்தவில்லை. அது சாப்பாட்டுக்குப் போட்ட ஆட்டம் என்றாள்.

"எது முறையான ஆட்டம்னு சொல்லியிருக்கு. ஸ்கோர் எழுதினா. நேரம் பாக்க ஆள் இருந்தா. நடுவர் இருந்தா. எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டா. டிக்கெட் வித்தா. கம்பெனி பேர்ல டீம் இருந்தா. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே போதுமாம்."

எங்களிடம் ஒன்றா இருந்தது? ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தன. கிழிந்த டீ-ஷர்ட்டோடு, யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாமல் நாங்கள் ஓடியாடிவிட்டு வந்திருந்தால் ஒரு பாதகமும் இல்லை. கேலனுக்காக ஊர் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்த விதியில் வரிசையாக நின்றது. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கோச் பெல் அவளைக் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்.

கார்லின் மண்வாரியைச் சுவரில் சாய்த்தாள். "நீ எதுக்கு இதைத் தேடிப் படிச்ச? நான் போகக்கூடாதுன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

ரீட்டின் முகம் சட்டென்று சிறுத்துப்போயிற்று. "காலேஜ்காரங்க அப்புறமா கண்டுபிடிச்சு உனக்குப் பிரச்சினை ஆகக்கூடாதுன்னு படிச்சேன்," என்று மட்டும் சொன்னான். காருக்குப் போகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சாயத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனான்.

மறுநாள் தீவனம் எடுக்க அவளோடு வண்டியில் போனேன். ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள், கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"கேட்டா சொல்வேன், மார்னி. கேக்கலன்னா சொல்லமாட்டேன். அது பொய் இல்லயே."

"கேக்காம இருப்பாங்களா?"

"நவம்பர்ல ஆட முடியாதுன்னா நான் அவங்களுக்கு எதுக்கு? இடம் ஒண்ணுதான் இருக்கு. அது வேற யாருக்காவது போயிடும். அப்புறம் எனக்கு இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. யார் தேடி வருவா?" சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ட்வைலா தாங்காமல் விஷயத்தை மளிகைக் கடையில் ஒருத்தியிடம் சொன்னார். எங்கள் ஊரில் ஒருத்தியிடம் சொன்னால் தேவாலய மணி அடித்த மாதிரி. புதன்கிழமைக்குள் எங்கள் ஊர் ஆல்டர் க்ரோவ் முழுவதும் கூடிப் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எங்களிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேலனிடமும் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார். பேச்சுக் குறைந்தவருக்குக் காதும் குறைந்துவிடும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை கோச் பெல் வந்தார். எங்கள் சமையலறை விளக்குக்குக் குனிந்து வரவேண்டிய உயரம். தெற்கத்திக்காரர், மிஸிஸிப்பிப் பேச்சு, ஒவ்வொரு சொல்லையும் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுகிற பேச்சு. ஹேட்டி அவருடைய கல்லூரித் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"செல்லம், உன் அத்தையைச் சேத்துக்க வந்திருக்கேன். இந்த வீட்டுக்கு நான் ஒரு தொப்பியைப் பரிசா குடுத்தாலும் ஆட்ட விதிப்படி தப்பு," என்றார் கோச். ஹேட்டி அழுதாள். கோச் உண்மையிலேயே வருத்தப்பட்டார். தொப்பியைக் கழற்றித் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டார். கார்லினின் கால் மேசைக்கடியில் ஆடத் தொடங்கியது.

ட்வைலா மாட்டிறைச்சிச் சில்லிக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் சர்க்கரை வழிகிற சினமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியை வைத்தார். இதையும் அதையும் சேர்த்தா சாப்பிடுவீர்கள் என்று கோச் கேட்டார். வேறு எப்படிச் சாப்பிடுவது என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் ரோலைத் தொட்டு ஒரு வாய் வைத்தார், யோசித்தார், பிறகு யோசிக்காமல் சாப்பிட்டார். கல்லூரி, வகுப்புகள், பயிற்சி நேரம் என்று பேச்சு நன்றாகவே போயிற்று. கார்லினின் தோள் கொஞ்சம் இறங்கியது.

அப்போது லவோன் பின்கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ட்வைலாவிடம் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தாளாம். போன ஈஸ்டருக்கு வாங்கிய பாத்திரம். கோச்சைப் பார்த்து, கேட்காமலே, அந்தச் சட்டையெல்லாம் சும்மா மீந்துபோன துணியில் போட்டது, ஒன்றுக்கொன்று நிறம்கூடச் சேராது என்றாள். கோச் மரியாதையாகத் தலையாட்டினார். எந்தச் சட்டை என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

லவோன் போகவுமில்லை, வெர்லின் வந்தார். அவர் கையில் பாத்திரம்கூட இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்று, மழை வருமா என்று டெர்க்கிடம் கேட்டார். பிறகு கோச்சின் பக்கம் திரும்பினார்.

"கோச், டிக்கெட்டுன்னு நாங்க ஒண்ணும் விக்கல. வாசல்ல டப்பா வெச்சோம், மனசுள்ளவங்க போட்டாங்க. அந்த ஸ்கோர் போர்டும் பிப்ரவரிலயே ரிப்பேர். கடிகாரம் ஓடவே இல்ல. யார் ஜெயிச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஊருக்கே தெரியாது."

கோச் பெல் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன ஆட்டம்?" என்று கேட்டார்.

வெர்லின் தன் தொப்பிக்குள் எதையோ தேடினார். கார்லினின் கால் நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த மேசையில் காபி தளும்பாமல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஓடுச்சு."

ஜன்னல் பக்கமிருந்து வந்தது குரல். கேலன் எங்களைப் பார்க்கவில்லை. வெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, நெற்றி நரம்பு புடைத்து, அடுத்த சொல்லைக் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்தார். "கடிகாரம்... ஓடுச்சு. நான்... ஓட்டினேன்."

வெர்லினின் முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. அறுபது வருடச் சிநேகிதர்கள் அவர்கள். மன்னிச்சுக்கோ கேலன் என்று முணுமுணுத்தார்.

கார்லின் அப்பாவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கோச்சின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அது நிஜ ஆட்டம், கோச். எல்லாரும் ஒரே சட்டை போட்டிருந்தோம், பின்னாடி களஞ்சியம் பேரு. டிக்கெட் வித்தோம். பரீட்சை எழுதின நடுவர்தான் விசில் ஊதினான், எனக்கே ரெண்டு ஃபவுல் குடுத்தான், ரெண்டும் சரியான ஃபவுல். எங்கப்பாதான் நேரம் ஓட்டினார். ஒரு விசில்கூடத் தப்பல. ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம். நீங்க பாத்த வீடியோ அதுதான்." மூச்சு விட்டாள். "எனக்கு ஒரு சீசன் போயிடும்னு தெரியும். நீங்களா கேட்டாத்தான் சொல்றதுன்னு இருந்தேன்."

கோச் பெல் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய்க் கேலனிடம் கையை நீட்டினார். வலது கையை நீட்டியவர், சட்டென்று மாற்றி இடது கையை நீட்டினார்.

கார் வரை கார்லினும் நானும் போனோம். கோச் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ சொல்லாம இருந்து, ஜனவரியில யாராவது கிளறியிருந்தா, நீ ஆடின ஆட்டமெல்லாம் எங்க கணக்குலருந்து அழிஞ்சிருக்கும். கூட ஆடின பிள்ளைங்களோடதும் சேத்து," என்றார். "இப்ப உனக்கு என்ன வாக்கு குடுக்கறதுன்னு எனக்கே தெரியல. எனக்கு மேல தலைமைக் கோச் இருக்காங்க. அவங்களுக்கு நவம்பர்ல ஆள் வேணும். பொய் நம்பிக்கை குடுக்கமாட்டேன்."

சரி என்றாள் கார்லின். கார் போன பிறகும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த வளையத்துக்குப் போய்ப் பந்தை எறியத் தொடங்கினாள். இருட்டும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவள் செய்யாத வேலை இல்லை. கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டினாள். என் அலமாரியை என்னைக் கேட்காமல் அடுக்கினாள். இன்றைக்கும் என் மிளகுப் பொடி கிடைக்கவில்லை. போன் அடித்தால் எடுக்க ஓடுவாள், பக்கத்தில் போனதும் நிற்பாள். லவோனும் வெர்லினும் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வீடு வீடாகப் போய் ட்வைலா அவர்களுக்கு ரோல் கொடுத்துவிட்டு வந்தார்.

பன்றிகளை லாரியில் ஏற்றும் நாளில் ஆள் போதாது. யாரும் கூப்பிடாமல் ரீட் வந்து பன்றிகளை மறித்து ஓட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மணி நேரம் இருவரும் பேசாமல் பன்றிகளை ஓட்டினார்கள். கடைசியில் ஒரு பன்றி அவன் காலுக்கிடையில் புகுந்து அவனைச் சேற்றில் உட்கார வைத்தது.

"இதுக்கு ஃபவுல் இல்லயா?" என்று கேட்டாள் கார்லின்.

"பன்னி மேலயா, என் மேலயா?"

அவள் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய பிறகும் கையை விடவில்லை. உன்னை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றாள். நீ போகக்கூடாது என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மைதான், அந்த ஒரு நிமிடத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான், உனக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று மிச்சத்தை முழுவதும் படித்தேன் என்றான் அவன். அவள் சட்டைப் பையில் போன் அடித்தது அப்போதுதான்.

கையுறையோடு எடுத்தாள். சேறு காதில் ஒட்டியது. உம், உம் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் எல்லோரும், லாரிக்காரர் உள்பட, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேலன் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார்.

போனை இறக்கினாள். பேசியது கோச் பெல். வேறொரு கல்லூரியில் படித்து முடித்த பெண் ஒருத்திக்கு ஆடுவதற்கு இன்னும் ஒரே ஒரு வருடம் மிச்சமிருக்கிறதாம். அந்த ஒரு வருடத்தை அவள் கோச் பெல்லின் கல்லூரியில் வந்து ஆடுகிறாளாம். நவம்பருக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் போன பிறகு அணியில் அந்த இடம் கார்லினுக்கு.

"முதல் வருஷம் பயிற்சி உண்டு, ஆட்டம் இல்ல. உதவித்தொகையும் இன்னொண்ணு ஏற்பாடு பண்ணிட்டாங்க. அப்புறம் மூணு சீசன் முழுசா என்னுது." சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தாள். "ஒரு வருஷம் பெஞ்சுல சும்மா உக்காரணும். நான்."

"பெஞ்சு தாங்குமான்னு கேட்டியா?" என்றான் டெர்க்.

அவள் சிரித்தாள், அழுதாள், சேற்றுக் கையுறையால் முகத்தைத் துடைத்து இன்னும் மோசமாக்கிக்கொண்டாள். கேலன் லாரியின் பக்கம் தடியை நீட்டினார். வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

நவம்பரில் முதல் ஆட்டத்துக்கு மாநிலத்தைக் குறுக்கே கடந்து போனோம். ரீட்தான் ஓட்டினான். ஹேட்டியின் தலையில் கோச் போட்டிருந்ததைப் போலவே ஒரு தொப்பி இருந்தது. அரங்க வாசல் கடையில் எல்லோரையும் போல வரிசையில் நின்று நாங்களே வாங்கியது. கார்லின் பெஞ்சின் கடைசியில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வருடத்துப் பெண் பிரமாதமாக ஆடினாள். அவள் பந்தை எடுத்தபோதெல்லாம் கார்லினின் உடம்பு அவளோடு சேர்ந்து சாய்ந்தது. கால் ஆடிய ஆட்டத்தில் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கோச் பெல் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தார். கை எடுத்ததும் மறுபடி ஆடத் தொடங்கியது.

கேலன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உயரத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விசில் ஊதியது; எண்கள் ஒரு நொடி கழித்துத்தான் நின்றன. அவர் ரீட்டின் தொடையில் தட்டினார்.

"லேட்டு," என்றார்.

"ஆமாங்க. கொஞ்சம் லேட்டுதான்," என்றான் ரீட்.

கேலன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலை அடுத்த விசிலுக்குத் தயாராக உயர்த்தினார்.